பன்றி மிதித்த கரை

காட்டுக் குளத்தின் கரையை நெடுவாலன் என்ற நீர்நாயும் ஆவடை என்ற நீர்க்கோழியும் காத்து வந்தார்கள். அந்தக் கரைக்கு எஜமான் கிடையாது. தண்ணீர் குடிக்க வருகிற யாரும் மண் அள்ளி வைக்கலாம். கூலியும் இல்லை, தடையும் இல்லை. ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. ஒருவர் வைத்த மண்ணை இன்னொருவர் ஏறி மிதித்துப் பார்க்க வேண்டும். தாங்கினால் அது கரை. தாங்காவிட்டால் வெறும் மண்.

கரையைக் கட்டியவர்கள் பலர். சிலர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் வேறு காடு பார்த்துப் போனார்கள். மிஞ்சியது இந்த இருவர்தான். அந்த வருஷம் சுற்றியிருந்த ஓடைகளெல்லாம் வறண்டுவிட்டன. ஐப்பசி மழைக்குக் கரை நின்றால் குளம் நிறையும். உடைந்தால் எல்லோரும் காட்டை விட்டே போக வேண்டியதுதான்.

உதவிக்கு ஒரு நாதி இல்லை என்று நெடுவாலன் தினமும் புலம்பினான்.

உண்மையில் வந்தார்கள். முதலில் ஒரு முயல் வந்தது. கரையில் ஒரு கசிவைப் பார்த்துவிட்டு, ஓடை மணலைச் சுமந்து வந்து அடைத்தது. காதைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. நெடுவாலன் ஏறி மிதித்தான். மணல் பொலபொலவென்று சரிந்தது. அவன் மணலை வாலால் தள்ளிவிட்டான். களிமண்ணை அப்பி, கண் மூடித் திறப்பதற்குள் தானே அடைத்தான். திரும்பிப் பார்த்தபோது முயலைக் காணோம்.

பிறகு ஓர் உடும்பு வந்து, களிமண் எங்கே எடுப்பது என்று கேட்டது. கண் இருந்தால் தெரியும் என்றான் நெடுவாலன். உடும்புக்குக் கண் இருந்தது. வந்த வழி தெரிந்தது, போய்விட்டது.

வருகிறவர்களை இப்படி விரட்டலாமா என்று ஆவடை கேட்டாள்.

"சொல்லிக் குடுக்கிற நேரத்துல நானே நாலு ஓட்டைய அடைச்சிடுவேன்."

"அடைப்பே. அஞ்சாவதை?"

நெடுவாலன் தண்ணீருக்குள் முங்கினான்.

ஒரு நாள் காலையில் சடைச்சி என்ற காட்டுப்பன்றி கரைமேல் ஏறினாள். நெடுவாலன் பதறி ஓடிவந்தான். கிழங்குக்காகக் கரையைக் கிளறுகிற சாதி அல்லவா! உடனே இறங்கச் சொன்னான்.

"மிதிச்சுப் பாக்கத்தான் வந்தேன், மேஸ்திரி. அதானே இங்க வழக்கம்?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள்.

கரையின் நடுவில், போன வருஷம் நெடுவாலன் பூசியிருந்த இடத்தில், அவளுடைய முன்னங்கால் முழங்கால்வரை உள்ளே போனது. மேலே வழவழவென்றிருந்த மண்ணுக்குக் கீழே ஒரு பாம்பு படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பொந்து.

"ஒடைச்சிட்டியே, பாவி!"

சடைச்சி காலை உருவிக்கொண்டாள். "நான் ஒடைக்கல. ஒடைஞ்சு கெடந்ததைக் காட்டினேன். இதை யாரு மிதிச்சுப் பாத்தது?"

நெடுவாலன் ஆவடையைப் பார்த்தான். ஆவடை தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். குச்சிபோல நீண்ட விரல்கள். இத்தனை காலமும் அவன் வைத்த மண்ணை மிதித்துப் பார்த்தவை அவை மட்டுமே.

"நான் ஏறி நின்னப்ப தாங்குச்சு" என்றாள் மெதுவாக.

"நீ ஏறி நின்னா தாமரை இலையே தாங்கும், தங்கச்சி" என்றாள் சடைச்சி.

முதல் பெருமழையில் அந்த இடம்தான் பிளந்திருக்கும். நெடுவாலனுக்கு அது புரிந்தது. போய்விடு என்ற சொல் தொண்டைவரை வந்தது. முள்ளோடு மீனை விழுங்குவதுபோல அதை விழுங்கினான்.

"வேற எங்கெல்லாம் அமுங்குது? நடந்து காட்டுறியா?"

நடந்து காட்டினாள். பல இடங்களில் கால் இறங்கியது. எல்லாம் அவன் பூசிய இடங்கள். பழக்கதோஷத்தில் அவன் கை களிமண்ணுக்குப் போனது. பிறகு நிதானித்தான். சின்ன ஓட்டைகளைத் தொடவில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கோரைத் தண்டை நட்டு வைத்தான். பள்ளத்திலிருந்து களிமண்ணைக் கொண்டுவந்து கரையடியில் குவித்தான். கோரை நிற்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று ஆவடை காடெங்கும் சொல்லி வந்தாள். பெரிய பொந்தை அவனும் சடைச்சியும் எடுத்துக்கொண்டார்கள்.

முயலின் வளைக்கு அவனே போனான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"மணல் நிக்காது. களிமண்ணு வேணும். வா, காட்டுறேன்."

"தள்ளிவிட மாட்டியே?" என்றது முயல், வளைக்குள் இருந்தபடியே.

"தாங்கலைன்னா ஏன்னு சொல்வேன். தள்ள மாட்டேன்."

முயல் வைத்த மண் ஓரத்தில் விரிசல் விட்டது. புல்லைச் சேர்த்துப் பிசை என்றான். பிசைந்து வைத்தது. சடைச்சி முழு எடையோடு ஏறி நின்றாள். மண் அசையவில்லை. முயல் காடெல்லாம் ஓடித் தம்பட்டம் அடித்தது. மறுநாள் முயல் கூட்டமே வந்துவிட்டது. சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு உடும்பும் வந்தது. அதற்குக் களிமண் இருக்கும் இடத்தை முயலே காட்டியது.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கிழக்கு முனையில் வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நெடுவாலனிடம், மேற்குக் கரை பிளக்கிறது என்று ஆவடை நனைந்த சிறகோடு வந்து சொன்னாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தபடியே ஓடினான்.

அங்கே சடைச்சி பிளவுக்குக் குறுக்கே படுத்துத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தாள். உடும்பு கரையை நகத்தால் கவ்விக்கொண்டு புல்லைத் திணித்தது. முயல்கள் களிமண்ணைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தன. அவன் முன்பின் பார்த்திராத ஒரு முள்ளம்பன்றி, முள்ளிலெல்லாம் இலைகளைக் குத்திச் சுமந்து வந்து கொட்டியது. அவன் போய்ச் சேர்ந்தபோது பிளவு மூடியிருந்தது.

"யாரு மிதிக்கிறது?" என்றது முயல். அந்த மண்ணில் எல்லோருடைய கையும் பட்டிருந்தது. படாதது அவன் கை ஒன்றுதான்.

நெடுவாலன் ஏறினான். நின்றான். எம்பிக் குதித்தான்.

"கரைதான்" என்றான்.

அப்போது எழுந்த கூச்சலில் மரத்தில் ஒண்டியிருந்த கொக்குகளெல்லாம் மழையென்றும் பாராமல் பறந்தன. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. வறண்டு கிடந்த ஓடைகள் சலசலத்தன. அந்தக் காட்டை விட்டு யாரும் போகவில்லை.

புதியவர் தொடங்க ஓரிடம் விட்டுவைத்து, தம் வேலையையும் அவர் மிதித்துப் பார்க்கச் சம்மதிக்கிறவர்களின் கரையே வெள்ளத்தில் நிற்கும்.