கலங்காத ஏரி

“என் படத்துல என்ன குறை மிஸ்?”

வதனி இப்படிக் கேட்டது மலை ஏறிய முதல் நாள், முதல் ஏரிக்கரையில்.

பிலோமினா மிஸ் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“சுத்தமா இருக்கு.”

வதனி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி உப்புமாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் வேனில் போகும்போதுதான் உறுத்தியது. குறையைக் கேட்டால் சுத்தம் என்கிறாரே.

வேனை ஓட்டியவள் வதனியின் அக்கா செண்பகம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. வேன் அவளுடையது. கூடாரம் கட்டுவதும் அவள், சமைப்பதும் அவள்.

வதனி ஒரு வருடமாக மிஸ்ஸிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறாள். ஏரியும் காடுமாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று அவள் சொன்னதும், செண்பகம் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“எனக்குப் படம் கிடமெல்லாம் தெரியாதுடி. ஏரித் தண்ணில கொஞ்ச நேரம் கால விட்டுட்டு உக்காரணும். அவ்வளவுதான்.”

“கொஞ்ச நேரமென்ன, நாள் பூரா உக்காருக்கா.”

வதனிக்கு மலையைப் படம் எடுக்க ஆசையில்லை. தண்ணீரில் தெரியும் மலைதான் வேண்டும். கரையே வராமல் வெறும் தண்ணீரை மட்டும் எடுப்பாள். அதில் காடு தலைகீழாக நிற்கும். அதற்குத் தண்ணீர் அசையக் கூடாது. காற்றை அவளால் அதட்ட முடியாது. அக்காவை முடியும்.

முதல் ஏரியில் செண்பகம் செருப்பைக் கழற்றினாள்.

“அக்கா, இப்ப வேணாம்! தண்ணி கலங்கிரும். கொஞ்சம் தள்ளிக்கோ.”

செண்பகம் எதிர்க்கரைக்குத் தள்ளிப் போனாள். படம் எடுத்து முடிந்தபோது மழை வந்துவிட்டது.

இரண்டாவது ஏரியில், எதிர்க்கரையில் செண்பகம் கட்டிய மஞ்சள் கூடாரத்தின் நிழல் தண்ணீரில் விழுந்தது.

“அதப் பிரிச்சிரேன்க்கா. அஞ்சே நிமிஷம்.”

பிரித்தாள்.

அடுப்புப் புகை குறுக்கே போனது. அடுப்பை அணைத்தாள். அன்று எல்லோரும் அரைவேக்காட்டுச் சோறு சாப்பிட்டார்கள். அதன் பிறகாவது காலை நனைக்கலாம் என்று செண்பகம் எழுந்தபோது வனக் காவலர் வந்து, யானை வருகிற நேரம், கிளம்புங்கள் என்றார்.

“நாளைக்குக் கண்டிப்பாக்கா,” என்றாள் வதனி.

மிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிளம்பியதிலிருந்து தன் கேமராப் பையின் ஜிப்பை அவர் திறக்கவே இல்லை.

“நீங்க ஏன் மிஸ் ஒண்ணுமே எடுக்கல?”

“நீதான் எடுக்குறியே.”

“எனக்கும் ஒண்ணும் சொல்லித் தரலியே.”

“சரி, சொல்றேன். உங்க அக்கா கால் சைஸ் என்ன?”

வதனி யோசித்தாள். “ஏழு? எட்டா இருக்குமோ? எதுக்கு மிஸ்?”

மிஸ் டீயை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

வதனிக்குக் கோபம் வந்தது. படத்தைப் பற்றிக் கேட்டால் செருப்புக் கடைக்காரர் மாதிரி பேசுகிறவரிடம் என்னத்தைக் கற்றுக்கொள்வது?

மூன்றாவது ஏரிதான் கடைசி. கரையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கூடாரம் போட இடம் கிடைத்தது. சாயங்காலம் காற்று லேசாக அடங்கியது. செண்பகம் கரைக்குப் போனாள்.

“அக்கா, ப்ளீஸ். இப்பத்தான் தண்ணி நிக்குது.”

செண்பகம் திரும்பி வந்து பையை அடுக்க ஆரம்பித்தாள்.

“காலைல கீழ போற பஸ்ல நான் போறேன் வதனி. வேன் சாவி இந்தா. மிஸ்ஸுக்கு ஓட்டத் தெரியுமாம்.”

“ஏன்க்கா? என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. நின்னுக்கிட்டே இருக்கறதுக்கு எனக்கு ஆஸ்பத்திரியே போதும்.”

“கோச்சுக்கிட்டியா?”

“இல்லடி.”

அந்த ‘இல்லடி’யை வதனிக்குத் தெரியும். சின்ன வயதில் அக்கா இப்படிச் சொன்னால் ஒரு மாதம் பேச மாட்டாள். இந்த முறை அது ஒரு மாதத்தோடு போகாது என்று தோன்றியது. வதனிக்குப் பயமாக இருந்தது.

விடிந்தபோது ஏரி துளிகூட அசையவில்லை.

வதனி பயத்தை மறந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் அப்படிப்பட்டவள்தான், என்ன செய்வது?

ஏரி அந்த இடத்தில் ஓடை போலக் குறுகி உள்ளே வந்திருந்தது. கேமராவைத் தாழ்த்திப் பிடித்தாள். தண்ணீர் மட்டும். அதில் முழுக் காடு. ஒரே ஒரு படம் எடுத்தாள். இனி வேறு படமே வேண்டாம் என்றிருந்தது.

பின்னால் வந்து நின்ற மிஸ்ஸிடம் கேமராவை நீட்டினாள்.

“இதுலயாவது சொல்லுங்க மிஸ். என்ன குறை?”

மிஸ் வெகு நேரம் பார்த்தார். பிறகு படத்தின் மேல் ஓரத்தில் விரலை வைத்தார். கறுப்பாக ஏதோ ஒன்று.

“இது என்ன?”

“மரக்கட்டையா இருக்கும். அழிச்சிரலாம் மிஸ். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை.”

மிஸ் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அவள் கையில் வைத்தார்.

காடு நிமிர்ந்து நின்றது. அதன் அடியில், கரையோரம், ஒரு பெண் நின்றிருந்தாள்.

வதனி படத்தைப் பெரிதாக்கினாள்.

தோளில் பை. ஒரு கை சுடிதாரைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் செருப்பு. முகம் நேராக இவளைப் பார்த்தபடி இருந்தது.

வதனி அவசரமாகப் பழைய படங்களைத் தேடினாள். இரண்டாவது ஏரி. கேமராவைத் திருப்பினாள். அங்கேயும் ஓரத்தில் ஒரு மரக்கட்டை. முதல் ஏரி. அங்கேயும்.

எல்லா மரக்கட்டையின் கையிலும் செருப்பு இருந்தது.

அவளுக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கரையில், பஸ் ரோட்டுக்கு ஏறும் வழியில், செண்பகம் இன்னும் அப்படியே நின்றிருந்தாள்.

“அக்கா!”

“என்னடி, இன்னும் தள்ளிக்கணுமா?”

வதனி கேமராவைப் புல்லில் வைத்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் ஆழம். மலையும் காடும் துண்டு துண்டாக உடைந்து நாலாபக்கமும் போயின.

“அடியே, தண்ணி கலங்குது! உன் படம்டி!”

வதனி நடந்துகொண்டே இருந்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

செண்பகம் ஒரு காலை வைத்தாள். பிறகு இன்னொரு காலை.

“ஐயோ, என்னா குளிரு!”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கரைக் கல்லில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் நீட்டினாள். வதனி அவள் முன்னால் நின்று அந்தக் கால்களையே பார்த்தாள். ஏழுமில்லை, எட்டுமில்லை. சின்னக் கால்கள், பாதம் முழுக்க வெடிப்பு.

மேலே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. கிளம்பிப் போனது.

அக்கரையில் ஒரு ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

“வதனி,” என்றார் மிஸ். “கொஞ்சம் தள்ளிக்கோ. அக்கா மறையுறாங்க.”