நடு ஆற்றில் ஒரு ஞாயிறு

அமெரிக்கா ஒரு நாடாகாமல் பல குடியேற்றங்களாகக் கிடந்த காலம். மூடுபனி சூழ்ந்த ஓர் ஆறு கனவுபோல இரண்டு உலகங்களுக்கு நடுவே ஓடியது. வடகரையார் கப்பல் கட்டினார்கள். அங்கே தேவாலயம் சொன்னதே சட்டம், ஞாயிறன்று வேலை செய்வது குற்றம். தென்கரையார் ஆடு வளர்த்தார்கள். எதையும் ஊர்கூடி முடிவு செய்தார்கள், பிரார்த்தனை அவரவர் விருப்பம்.

ஒரு ஞாயிறு, தென்கரைப் படகுக்காரி டார்க்கஸ் வடகரை நீதிபதி ஹாப்குட்டை ஏற்றி வந்தாள். பாதி ஆறு தாண்டியதும் அவர் முழங்கினார்: "இது எங்கள் எல்லை. இன்று துடுப்பு வலித்தாய். படகு பறிமுதல்!"

அவளுக்கு இருந்ததே அந்தப் படகுதான். "மன்னியுங்கள் ஐயா, இனித் தொடமாட்டேன்" என்று துடுப்புகளை உள்ளே வைத்தாள்.

படகு தூக்கத்தில் நடப்பதுபோலக் கடலை நோக்கி மிதந்தது.

"துடுப்பை வலி, பெண்ணே!"

"திங்கட்கிழமை வலிக்கிறேன், ஐயா."

அலைகளின் இரைச்சல் கேட்டதும் நீதிபதியே துடுப்புகளைப் பிடுங்கி, வியர்க்க வியர்க்க வலித்தார். மூடுபனி விலகியது. வடகரையில், ஆராதனை முடிந்து வந்த சபை முழுவதும் வாய் பிளந்து நின்றது.

"படகை எடுத்துக்கொண்டு போய்விடு, தாயே" என்று கிசுகிசுத்தார் நீதிபதி.

"இன்றைக்கு எப்படி ஐயா? நாளைக்குப் போகிறேன். அதுவரை உங்கள் வீட்டில்தான் சாப்பாடு."