கேட்காமல் வந்தவள்

மரங்களெல்லாம் நாடுகளாக இருந்த அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. புங்கமரம் மைனாவின் நாடு. பனை தூக்கணாங்குருவியின் நாடு. ஆள்காட்டிக் குருவிக்கு மரமே பிடிக்காது. குளத்தங்கரையில் கிடந்த கூழாங்கல் தரையைத் தன் நாடு என்று சொல்லிக்கொண்டது. இலந்தை மரத்துச் சிட்டுக்குருவிக்கு நாடு சின்னது, ரோஷம் பெரிது. எங்கோ கிடந்த சேவல் இறகு ஒன்றைக் கொண்டுவந்து உச்சிக் கிளையில் செருகி, இதுதான் எங்கள் கொடி என்றது. காற்றில் அது விழுந்துவிட்டால் அன்று முழுக்க யாரோடும் பேசாது.

ஒருவர் நாட்டுக்குள் இன்னொருவர் போவதற்கு ஒரு முறை இருந்தது. மரத்தின் நிழல் முடிகிற இடம்தான் எல்லை. அங்கே நின்று "வரலாமா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் "வா" என்றால் போகலாம். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். காக்கைகூட இதை மீறியதில்லை. கேட்டுப் பார்க்கும், யாரும் "வா" சொல்ல மாட்டார்கள், தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். நல்ல வழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. பலமில்லாத பறவைகள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குஞ்சு பொரித்தன.

வேப்பமரத்தின் ராணி ஒரு மணிப்புறா. கழுத்தில் முத்துக் கோத்ததுபோல் புள்ளிகள் இருந்ததால் அவளுக்கு முத்தரசி என்று பெயர். பக்கத்து வாகை மரம் கருப்பாயி என்ற கரிச்சான் குருவியுடையது. அப்போதெல்லாம் கரிச்சானுக்கு வால் பிளந்திருக்காது, மற்றக் குருவிகளைப்போல ஒரே வீச்சாக இருக்கும். தினமும் விடியும்போதே கருப்பாயி எல்லையில் வந்து நின்று, "வரலாமாக்கா?" என்பாள். "வா" என்பாள் முத்தரசி. வந்து ஒரே கிளையில் உட்கார்ந்திருப்பார்கள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள்.

அந்த வருஷம் ஒரு சாரைப்பாம்பு வந்தது. அதற்கு நாடும் கிடையாது, எல்லையும் கிடையாது. தரையோடு தரையாக வந்து எந்த மரத்திலும் ஏறியது. யாரிடமும் அது "வரலாமா" என்று கேட்கவில்லை.

முதலில் கொண்டைக்குருவியின் கூடு காலியானது. மற்றவர்கள் அவரவர் மரத்திலிருந்து பார்த்தார்கள். அடுத்தவர் நாட்டு விஷயம், நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். கருப்பாயி மட்டும் எல்லை வரைக்கும் போய் "வரலாமா?" என்று கேட்டாள். கொண்டைக்குருவி அழுதுகொண்டிருந்தது, பதில் சொல்லும் நிலையில் இல்லை. பதில் வராததால் கருப்பாயி திரும்பிவிட்டாள். அன்று அவளுக்கு இரை இறங்கவில்லை.

நாலைந்து கூடுகள் போன பிறகு பயம் வந்தது. எல்லோரும் ஆலமரத்தில் கூடினார்கள். பருந்து நடுக்கிளையில் வந்து உட்கார்ந்து, "வானம் ஒன்றுதானே? காவலும் ஒன்றாக இருக்கட்டும். மரங்களை என் பொறுப்பில் விடுங்கள்" என்றது. அதன் நகத்தைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. எல்லோரும் சரி என்றார்கள்.

பொறுப்பை ஏற்றதும் பருந்து சட்டம் போட ஆரம்பித்தது. எல்லாக் கூடும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், அப்போதுதான் காவலுக்கு வசதியாம். தொங்கும் கூடு கூடாது என்று தூக்கணாங்குருவிக்குச் சொல்லப்பட்டது. மரங்கொத்தி பொந்தை விட்டு வெளியே வந்து வெயிலில் குந்தியது. பாவம், ஆள்காட்டியை மரத்தில் ஏற்றினார்கள். பொரித்த உடனே ஓடிப் பழகிய அதன் குஞ்சுகள் கிளையிலும் ஓடப் பார்த்துக் கீழே விழுந்தன. தரையில் சருகு கிடந்ததால் உயிர் பிழைத்தன.

ஒருநாள் சாரை வேப்பமரத்தில் ஏறுவதைக் கண்ட முத்தரசி, சட்டப்படி ஆலமரத்துக்குப் பறந்து போய் முறையிட்டாள். சபை கூடியது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி, பாம்பு என்றால் எந்த வகைப் பாம்பு என்று முதலில் தெளிவுபடுத்த வேண்டும் என்றது. அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். எல்லோரும் பேசி முடித்து முத்தரசி வீடு திரும்பியபோது கூட்டில் முட்டை இல்லை.

அன்றே அவள் சபையிலிருந்து விலகினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் மரத்துக்குத் திரும்பி, அவரவர் கூட்டைக் கட்டிக்கொண்டார்கள். முத்தரசி இன்னும் ஒரு படி மேலே போனாள். என் மரத்துக்கு நானே காவல், இனி யாருக்கும் "வா" சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். கருப்பாயிக்குமா என்று மைனா கேட்டது. அவளுக்கும்தான் என்றாள்.

கருப்பாயி மறுநாளும் வந்து "வரலாமாக்கா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் கேட்டாள். பதில் வராது என்று தெரிந்தும் தினமும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். முத்தரசிக்கு அது கேட்காமல் இல்லை. அந்தக் குரல் ஒருநாள் தாமதமானாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முட்டைகள் போன வலி அப்படி.

பிறகு அவளுக்கு ஒரு குஞ்சு பொரித்தது. ஒன்றே ஒன்று. கண்கூடத் திறக்காத அதைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு அவள் இரைக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு நண்பகல், சாரை மறுபடியும் வேப்பமரத்தில் ஏறியது. கருப்பாயி வாகையிலிருந்து பார்த்துவிட்டாள். விர்ரென்று வந்து நிழலின் ஓரத்தில் நின்று, "அக்கா, வரலாமா?" என்று கத்தினாள்.

முத்தரசி சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் இத்தனை நாள் சொல்லாமலே வைத்திருந்த சொல், வேண்டிய நேரத்தில் மேலே வரவில்லை. பாம்பின் தலை கூட்டின் விளிம்புக்கு வந்தது. குஞ்சு வீறிட்டு அலறியது.

கருப்பாயிக்குக் கொண்டைக்குருவியின் ஞாபகம் வந்தது.

"கோவிச்சுக்காதக்கா. கேக்காமத்தான் வர்றேன்" என்றாள். நிழலைத் தாண்டிப் பாய்ந்தாள்.

பாம்பின் கண்ணைக் குறிவைத்துக் கொத்தினாள். அது திரும்பி அவள் வாலை நடுவில் கவ்விக்கொண்டது. அவள் விடாமல் சிறகடித்து இழுத்தாள். நடு இறகுகள் பிய்ந்து பாம்பின் வாயிலேயே தங்கிவிட்டன. அதைக் கண்டதும் மைனா எல்லையைத் தாண்டியது, கொண்டைக்குருவி தாண்டியது, அணில் ஓடிவந்தது. சிட்டுக்குருவி கொடியை அப்படியே விட்டுவிட்டு வந்தது. பக்கத்துக்கு ஒருவராகக் கத்திக்கொண்டு கொத்தியதில், எதிரி எந்தப் பக்கம் என்று புரியாமல் சாரை பொத்தென்று விழுந்து புதருக்குள் ஓடியது.

சத்தம் அடங்கியதும்தான் எல்லோருக்கும் உறைத்தது. கேட்காமல் இன்னொருவர் நாட்டுக்குள் நிற்கிறோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த பருந்து, எல்லை மீறியது குற்றம், சபையில் விசாரிக்க வேண்டும் என்றது. கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் முத்தரசிக்குப் பேச்சு வந்தது.

"இது என் மரம். நாளைக்கும் என் மரந்தான். யாரா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் வரணும்" என்றாள். குஞ்சை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆனா எம்புள்ள அலறுனா, அந்த அலறலே 'வா'தான். யாரு புள்ள அலறுனாலும் அப்படித்தான்."

பருந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மேலே பறந்து போனது. பதவி இன்னும் இருக்கிறது என்ற நினைப்பில் இன்றும் அது அங்கேயே வட்டமிடுகிறது.

முத்தரசி பிளந்துபோன வாலைப் பார்த்து அழுதாள். பிறகு நகர்ந்து கிளையில் இடம் விட்டு, "வா" என்றாள்.

பறவைகளின் பாட்டு மரத்துக்கு மரம் வேறாக இருந்தும், ஒன்று ஆபத்தில் அலறினால் அத்தனை பறவைகளும் அணில்களும் அதைப் புரிந்துகொள்வது அன்று முதல்தான். கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்ததும், அது தன்னைவிடப் பெரிய எதிரியையும் துரத்திக்கொண்டு எந்த மரத்துக்குள்ளும் நுழைவதும், கரிச்சான் இருக்கும் இடம் பார்த்துப் புறா கூடு கட்டுவதும் அன்று முதல்தான். ஆபத்து இல்லாத நாளில் கரிச்சான் யார் மரத்துக்குள்ளும் சும்மா நுழைவதில்லை. விடியுமுன்பே எழுந்து, மற்றப் பறவைகள் கண் விழிக்குமுன் அது கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். இன்றும் அது எல்லையில் நின்று "வரலாமாக்கா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.