காக்கைகள் கூடிய மத்தியானம்

செங்காட்டுக் கண்மாயின் ஒரு கரையில் ஏழெட்டுக் கருவேல மரங்கள் நின்றன. அவற்றில் கரிச்சான் குருவிகள் கூடு கட்டியிருந்தன. எதிர்க்கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம். அது காக்கைகளின் ஊர். நடுவில் தண்ணீர்.

கரிச்சான் என்றால் தெரியுமல்லவா? இரட்டைவால் குருவி. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்புதான். ஆனால் பருந்தையே துரத்தித் துரத்திக் கொத்தும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கத்திவாலன். பெரிய வீரன். ஆனால் சந்தேகப் பிராணி! எருமை அசைபோட்டால், எதை நினைத்து அசைபோடுகிறது என்று யோசிப்பான். தவளை கத்தினால், யாருக்குத் தகவல் சொல்கிறது என்று எட்டிப் பார்ப்பான்.

பாவம், அதற்கும் காரணம் இருந்தது. அவன் பிறந்தது அல்லிக்குளத்தில். ஒரு விடியற்காலையில் அங்கே காக்கைகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுந்து, எல்லாக் கூடுகளையும் பிய்த்துப் போட்டன. அவன் ஒருவன்தான் தப்பினான்; தம்பி தங்கைகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இந்த இலுப்பை மரத்துக் காக்கைகளோ ஒரு நாளும் தண்ணீரைத் தாண்டியதில்லை. இருந்தாலும் கத்திவாலன் ஒரு கண்ணை எப்போதும் அந்தப் பக்கமே வைத்திருந்தான்.

இப்போது அவன் கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. மனைவி அஞ்சனை அடைகாத்தாள். இன்றோ நாளையோ குஞ்சு பொரிக்கிற சமயம்.

ஒரு மத்தியானம் தாழம்புதரிலிருந்து செம்போத்து மாமா மெல்ல நடந்து வந்தார். சிவந்த கண், செம்மண் நிறச் சிறகு, பெரிய மனுஷத் தோரணை.

"ஒன்றுமில்லை மருமகனே, சும்மா வந்தேன். இலுப்பை மரத்தில் கூட்டம் கூடுகிறதே, கவனித்தாயா?"

கத்திவாலன் திரும்பிப் பார்த்தான். தூக்கிவாரிப் போட்டது. வடக்கிலிருந்தும் காக்கைகள் வந்தன, தெற்கிலிருந்தும் வந்தன. பாதி முகங்கள் அவனுக்குப் பழக்கமே இல்லாதவை.

"வெளியூர்க் காக்கைகள்!"

"அப்படியா!"

"படை திரட்டுகிறார்கள் மாமா!"

"அட கஷ்டமே! எனக்கென்னப்பா தெரியும்? உனக்குத்தான் அனுபவம் இருக்கிறது. அல்லிக்குளத்தில் எப்படி ஆரம்பித்தது?"

"இப்படித்தான் கூடினார்கள்! அச்சு அசல் இப்படித்தான்!"

அன்றைக்கு இவன் கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்த குஞ்சு. எங்கே கூடினார்கள், எப்படிக் கூடினார்கள் என்று இவன் எதைக் கண்டான்? ஆனாலும் கண்ணால் பார்த்த மாதிரி அடித்துச் சொன்னான். செம்போத்து மாமா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, வந்த வழியே புதருக்குள் போய்விட்டார்.

கத்திவாலன் எல்லாக் கரிச்சான்களையும் கூப்பிட்டான். "பொழுது சாயும் முன்னே நம்மேல் வந்து விழப்போகிறார்கள். அதற்கு முன் நாம் போய் விழ வேண்டும்!"

"ஒரு வார்த்தை போய்க் கேட்டால் என்ன?" என்றாள் அஞ்சனை, கூட்டை விட்டு எழாமல்.

"கேட்டால் உண்மையைச் சொல்வார்களாக்கும்! நாம் முழித்துக்கொண்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகும்."

அப்போது எதிர்க்கரையில் காக்கைகள் எல்லாம் சேர்ந்து கரைந்தன. கண்மாயே அதிர்ந்தது.

"கேட்டாயா? போர் முழக்கம்!"

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது.

"பார்த்தாயா? இப்போது கமுக்கமாகத் திட்டம் போடுகிறார்கள்!"

"கத்தினாலும் குற்றம், கத்தாவிட்டாலும் குற்றமா? அவர்கள் என்னதான் செய்தால் நீங்கள் நம்புவீர்கள்?"

கத்திவாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பி நம்பித்தான் அல்லிக்குளம் அழிந்தது! அவர்கள் கூட்டம் பெரிது. பாதிப் பேர் போனால் போதாது. நீயும் வா. எல்லோரும் வாருங்கள்!"

"முட்டை ஆறிப்போகுமே!"

"முட்டைக்காகத்தானே இந்தச் சண்டையே!"

அஞ்சனை எழுந்தாள். முட்டைகளை அலகால் ஒருமுறை தொட்டுப் புரட்டி வைத்துவிட்டுப் பறந்தாள். கரிச்சான் குலத்தில் கூட்டைக் காவல் இல்லாமல் விட்டுப் போகிற வழக்கமே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை, எல்லாக் கூடுகளும் திறந்து கிடந்தன.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்தார்கள். சத்தமே இல்லை. கரிச்சானுக்கு ஒரு வித்தை தெரியும். வல்லூறு மாதிரியே கத்தும். இலுப்பை மரத்தை நெருங்கியதும் அத்தனை பேரும் ஒரே குரலில் வல்லூறாகக் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! காக்கைகள் எது ஏது என்று தெரியாமல் சிதறின. ஒன்றுக்குச் சிறகு ஒடிந்தது, இன்னொன்றுக்குக் கண் போனது. கிழக் காக்கைகள் கிளையில் மோதி விழுந்தன. ஒருவர்கூடத் திருப்பி அடிக்கவில்லை.

"ஜெயித்தோம்! ஜெயித்தோம்!" என்று கரிச்சான்கள் கூவின.

மரத்தடியில் ஒரே ஒரு காக்கை மட்டும் ஓடாமல் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. கத்திவாலன் அதன் தலையில் கொத்தினான். அது அசையவில்லை. மறுபடியும் கொத்தினான்.

"கொத்து, நன்றாகக் கொத்து" என்றது அந்தத் தாய்க் காக்கை.

"எதை மறைத்து வைத்திருக்கிறாய்? எடு சிறகை!"

காக்கை சிறகை விலக்கியது. அடியில் இறக்கை முளைத்தும் முளைக்காத ஒரு குஞ்சு, கழுத்து திரும்பிக் கிடந்தது.

"காலையில் கிளையிலிருந்து விழுந்து செத்துப்போய்விட்டது. எங்களில் ஒரு உயிர் போனால் சுற்றுவட்டாரத்துச் சொந்தமெல்லாம் வரும். சுற்றி நின்று அழும். அப்புறம் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். துக்கத்துக்கு வந்தவர்களை அடிக்கிற வழக்கம் உங்களில் உண்டா?"

கரிச்சான்களுக்கு இழவு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. செத்தவரை விட்டுவிட்டுப் பறந்துபோவதுதான் அவர்கள் வழக்கம். கத்திவாலன் அந்தக் குஞ்சைப் பார்த்தான். 'இதுவும் ஒரு தந்திரமோ?' என்றுதான் அப்போதும் அவன் புத்தி ஓடியது.

மேலே ஒரு கிளையிலிருந்து, கண் போன காக்கை குனிந்து சொன்னது: "இத்தனை நாள் உங்கள் பக்கம் நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டோம். உன் முகத்தையும் பார்த்துவிட்டோம், உன் ஆட்கள் முகத்தையும் பார்த்துவிட்டோம். காக்கை முகத்தை மறக்காது!"

அஞ்சனை அதற்குள் கருவேல மரத்துக்குத் திரும்பியிருந்தாள். அங்கிருந்து அவள் போட்ட அலறல் தண்ணீரைத் தாண்டி வந்தது.

கத்திவாலன் பறந்து போய்ப் பார்த்தான். கூட்டில் உடைந்த ஓடுகள் கிடந்தன. பக்கத்துக் கூட்டிலும் ஓடுதான், அடுத்த மரத்திலும் ஓடுதான். எந்தக் கூட்டிலும் ஒரு முட்டை மிச்சமில்லை. அடிக்கிளையில் உட்கார்ந்து, செம்போத்து மாமா மஞ்சள் கரு ஒட்டிய அலகைப் பட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடப் பாவி! பொய் சொல்லி என்னை ஏய்த்துவிட்டாயே!"

"நானா? என்ன பொய் சொன்னேன் மருமகனே?" மாமா பதறவே இல்லை. "கூட்டம் கூடுகிறது என்றேன், கூடியது. வெளியூர்ப் படை என்றது யார்? நீ! அல்லிக்குளம் மாதிரியே என்றது யார்? நீ! கூட்டைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வரச் சொன்னது யார்? நான் தலையைத்தானேப்பா ஆட்டினேன்!"

சொல்லிவிட்டுத் தாழம்புதருக்குள் நுழைந்துவிட்டார். முள்ளுக்குள் கரிச்சானால் போக முடியாது.

கத்திவாலன் மனைவியிடம் ஏதோ சொல்ல வந்தான்.

"பேசாதீர்கள்" என்றாள் அஞ்சனை. "உங்கள் தம்பி தங்கைகளைக் காக்கை கொன்றது. என் பிள்ளைகளைக் கொன்றது காக்கை இல்லை."

மறுநாள் காலையில், முதல் தடவையாக, இலுப்பை மரத்துக் காக்கைகள் தண்ணீரைத் தாண்டி வந்தன. வந்து கருவேல மரங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. அடிக்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்மாயில் இனி முட்டையிட முடியாது என்று கரிச்சான்களுக்குப் புரிந்தது. ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அஞ்சனையும் போனாள். கத்திவாலன் கூடவே போனான், கொஞ்சம் பின்தங்கி.

நீதி: எல்லோரையும் சந்தேகப்பட்டு முந்திக்கொண்டு அடிக்கிறவன், தன் சந்தேகத்துக்குத் தலையாட்டுகிறவனை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டு, தன் வீட்டைத் தானே பறிகொடுக்கிறான்.