அரணைக்கு வந்த பெயர்

அந்தக் காலத்தில், வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பல்லி, ஓணான், உடும்பு என்ற பிரிவே கிடையாது. எல்லாம் ஒரே இனம். ஒரே பூவரச மரத்தில் குடியிருந்தன. பூச்சிகளும் ஒரே இனம்தான். அவற்றுக்கும் அதே மரம்தான் வீடு. உயர ஏறியவருக்கே முதல் பந்தி என்பது அங்கே வழக்கம்.

அந்த வழக்கம், பூச்சி தின்னும் இனத்தில் ஒருத்தியான குட்டைக்காலிக்கு எமனாக வாய்த்தது. ஏறினால் சறுக்குவாள். வயிற்றில் முட்டை, நான்கு நாளாகப் பட்டினி. "கால் குடுக்கறப்ப கடவுளுக்குக் கை சுருங்கிடுச்சுடி" என்று மேலேயிருந்து சிரித்தார்கள். இன்றும் சாப்பிடாவிட்டால் முட்டை தங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது ஒரு பூச்சி தொப்பென்று அவள் முன்னால் விழுந்தது. அதற்கு முன்னங்கால் மண்வெட்டி போலத் தடித்திருந்ததால் மரப்பட்டையில் பிடிப்பே கிடையாது. வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தாள்.

"அக்கா, பொறு! என்னைத் தின்னா இன்னிக்கு ஒரு வேளைதான். ஏறத்தான் எனக்கு வராது, தோண்ட நல்லா வரும். சருகுக்குக் கீழே அவ்வளவு புழு இருக்கு. காட்டட்டுமா?"

"நீ உள்ளே போய் ஓடிட்டின்னா?"

"ஓடினா உன் பாவம் என்னைச் சும்மா விடுமா?"

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளிடம் ஏதோ ஒன்று பறக்காமல் மிச்சமிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பூச்சி மண்ணுக்குள் மறைந்தது. நேரம் போனது. "ஏமாந்துட்டேனே, என் பிள்ளைங்களே" என்று அவள் அழத் தொடங்கியபோது மண் பொலபொலவென்று பெயர்ந்து புழுக்கள் வெளியே வந்தன. வயிறாரத் தின்றாள். அந்தக் குழியிலேயே முட்டையும் இட்டாள்.

"தாயி, உனக்கு என்னம்மா செய்வேன்?" என்றாள் பூச்சியிடம்.

"கடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முகத்தைப் பாரு. நானா இருந்தா விட்டுடு."

அவள் கொழுத்ததைப் பார்த்து மற்றவர்களுக்கும் புத்தி வந்தது. ஒட்டும் பாதக்காரன் சுவருக்குப் போனான், நகக்காரன் பாறைக்குப் போனான். பூச்சிகளும் இலை, நீர், மண் என்று பிரிந்தன. தலைமுறை போகப் போக, போன இடத்துக்கேற்ற உடம்பு எல்லோருக்கும் வந்தது. அந்தப் பூச்சியின் வம்சம்தான் பிள்ளைப்பூச்சி. குட்டைக்காலியின் வம்சம் அரணை.

அன்று முதல்தான், கடிக்க வரும் அரணை பாதி வழியில் நின்று முகத்தைப் பார்க்கிறது. கடிக்க வந்ததையே மறந்துவிட்டது என்று நினைத்து ஊரார் அதற்கு வைத்த பெயர் 'அரணை மறதி'. நன்றி மறக்காதவளுக்குப் போய் இப்படி ஒரு பெயர்!