சார்ஜ் ஏறட்டும்

“இத்தனை பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்கான், போனுக்கு சார்ஜ் போட ஒரே ஒரு இடம். இது நியாயமா அம்மா?” என்று கேட்டார் அருமைநாயகம்.

கேட்டது, அவருடைய அண்ணனுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டுச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்த பூரணி அம்மாவிடம். அம்மா வயதில் அவரைவிட இளையவர்தான். ஆனாலும் ஊருக்கு வெளியே அவர் நடத்தும் தியான மடத்துக்கு வியாழன் தவறாமல் போய் உட்காருகிற சீடர் இந்த ஜவுளிக்கடை முதலாளி. கடையில் எல்லோரையும் அதட்டி மேய்க்கிற மனுஷன், அம்மா முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

மூன்றாவது மாடியில் அவருடைய அண்ணன் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவரைப் பார்க்கத்தான் தம்பி காலையிலேயே வந்தது. வந்தவர் வாசல் கூடத்துச் சுவரோரம் போனைச் செருகிவிட்டு நின்றவர்தான். நகரவேயில்லை.

“அண்ணனைப் பார்த்தாச்சா?”

விட்டுவிட்டுப் போனால் போனை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்றார். சார்ஜ் ஏறட்டும் என்றார். பின்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள், இடம் போனால் போனதுதான் என்றும் சொன்னார்.

“போனை நான் பார்த்துக்கறேன். நீங்க போங்க.”

அருமைநாயகம் போகவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். சுவரைப் பார்த்தார்.

அப்புறம்தான் மனுஷன் வாயைத் திறந்தார். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சு என்று அண்ணனும் மதினியும் வீடு தேடி வந்து கெஞ்சினார்கள். இவர் உள்ளே கூப்பிடாமல் வாசலோடு அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கும் போகவில்லை. அதோடு பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று. அந்தப் பெண்ணின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

“அவகிட்ட என் நம்பர் இருக்கு. மேல வாங்க சித்தப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா போயிடுவேன். கூப்பிடாம எப்படிம்மா போறது?”

“நீங்க இங்க நிக்கறது அவளுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினார்.

வரிசையில் நின்ற ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார். “ஐயா, உங்க போன் மத்தியானமே ஃபுல்லாயிடுச்சு. பெரியவராச்சே, எப்படிச் சொல்றதுன்னு நிக்கறோம்.”

பூரணி அம்மா வயரைப் பிடுங்கி, போனை அருமைநாயகத்தின் கையில் வைத்தார்.

அருமைநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படிக்கட்டைப் பார்த்துத் திரும்பினார். அப்போது போன் அடித்தது. அவள்தான்.

“சித்தப்பா, அப்பா போயிட்டாங்க.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். காலையிலேயே ஏறியிருந்தால் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிருக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அழுதார். வரிசையில் நின்றவர்கள் போனை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தார்.

“இப்ப எந்த முகத்தோட மேல போவேன்? வாங்கன்னு அவ சொல்லலையே அம்மா.”

பூரணி அம்மா அந்தப் போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு உங்க வாசல் வரைக்கும் வந்த மதினி மேலதான் இருக்காங்க. ஏறுங்க,” என்றார்.