நாற்பது பாகம்

"ஒரு மனிசியை இருட்டுக்குள்ளயிருந்து வெளியில எடுக்கிறது எப்படி, தங்கச்சி?"

தில்லையம்பலம் இறங்குதுறையில் நின்றபடியே கேட்டார்.

பிலோமினா படகுக்குள் குந்தியிருந்து, உறைந்துபோன கயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தா. பனி சில்லுச் சில்லாகத் தெறித்தது.

"ஏறுங்கோ அண்ணை," என்றா.

நோர்வேயின் மேற்குக் கரையில் அது மார்கழி மாதம். பத்து மணிக்கு விடியும், மூன்று மணி கழிய இருட்டும். இடையில் வருகிற வெளிச்சமும் அரிசி கழுவின தண்ணி மாதிரித்தான்.

பிலோமினாவுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. லீவு நாளில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பா. மனச்சுமையோடு அவவிடம் போனால் ஒரு மறுமொழி கிடைக்கும் என்று அங்கேயிருக்கிற தமிழ்ச்சனம் சொல்லும். ஆனால் அவ வாயால் மறுமொழி சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. போனவர்கள் மீனோடு திரும்பி வருவார்கள், அவ்வளவுதான்.

தில்லையம்பலத்துக்கு அறுபத்து மூன்று. தன்னிலும் இளையவளிடம் போய்க் கேட்பதா என்று மூன்று ஞாயிறு துறைவரைக்கும் வந்து திரும்பினவர். இன்றைக்குத் தவறினால் இனிக் கேட்டுப் பயனில்லை.

காலை வைத்தார். படகு சரிந்தது.

"எத்தனை சுவெற்றர் அண்ணை போட்டிருக்கிறியள்?"

"மூண்டு."

"விழுந்தா நேரே அடிக்குத்தான். கையைத் தாங்கோ."

துடுப்புப் போட்டு வெளியே போனார்கள். மலைகளெல்லாம் மேகத்துக்குள் தலையை ஒளித்திருந்தன.

"எங்கட மகள் ஆரணி காய்ச்சல்ல செத்துப்போய்ப் பதினொரு மாசம்," என்றார். "என்ர மனிசி நேசம் இன்னும் பிள்ளையின்ர அறையை விட்டு வாறா இல்லை. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில, நிலத்தில இருக்கிறா. மடியில பிள்ளையின்ர மஞ்சள் மழைச்சட்டை."

"நீங்கள் என்ன செய்வியள்?"

"வாசல்ல நிண்டு லைற்றைப் போட்டு, எழும்பு எண்டு சொல்லுவன். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா."

"எழும்பினாவோ?"

"ஒரேயொருக்கா. ஒரு கலியாண வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனன். சீலை உடுத்தா, ஆக்களோட சிரிச்சா. பாத்த சனத்துக்கெல்லாம் சந்தோசம். வீட்டை வந்து மூண்டு நாள் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தா."

பிலோமினா துடுப்பை வலித்தா.

"நாளைக்குச் சாமான் ஏத்திற வான் வருது, தங்கச்சி. கட்டில், உடுப்பு, அந்த மழைச்சட்டை, எல்லாத்தையும் ஏத்தப் போறன். அறை வெறுமையானா அவ வெளியில வரத்தானே வேணும்?"

துடுப்பு நின்றது.

"இதைப் பிடியுங்கோ," என்று தூண்டில் நூலை அவர் கையில் கொடுத்தா.

நூல் இறங்கியது. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சு. முடிச்சுப் போகப் போக பிலோமினா எண்ணிக்கொண்டு வந்தா.

"முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது."

அடியில் ஈயம் முட்டியது.

காத்திருந்தார்கள். தில்லையம்பலத்தின் மீசையில் பனி ஏறியது.

நூல் வெடுக்கென்று இழுபட்டது.

"இழுங்கோ!"

மூச்சு வாங்க வாங்க இழுத்தார். வந்தது ஒரு சிவப்பு மீன். ஒரு சாண்கூட இல்லை. கண் இரண்டும் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே பலூன் மாதிரி வெளியே தள்ளியிருந்தது.

"ஐயோ, இதுக்கு என்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்லை. கீழ நல்லாத்தான் இருந்தது. மேல வர உள்ளுக்கிருக்கிற காத்து ஊதிப்போகும்."

"சின்னன்."

"ஓம். விடத்தான் வேணும்."

அவர் தூண்டில் முள்ளைக் கழற்றினார். மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் வைத்தார்.

"போ பிள்ளை. பிழைச்சுப் போ."

அது போகவில்லை. வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. வாலை அடித்துத் தலையைக் கீழே நட்டுப் பார்த்தது, திரும்பவும் மேலே வந்து மல்லாந்தது. எங்கிருந்தோ ஒரு கடற்காகம் வந்து அதன் கண்ணுக்குக் குறிவைத்தது.

"விட்டிட்டன்தானே! ஏன் போகுதில்லை?"

பிலோமினா துடுப்பால் தண்ணீரில் ஓங்கி அடித்தா. காகம் விலக, மீனை வலையால் கோலி எடுத்தா. பெட்டிக்குள்ளிருந்து கைப்பிடியளவு ஈயக்கட்டி ஒன்று வெளியே வந்தது. அதில் தலைகீழாய் ஒரு மொட்டைக் கொளுக்கி. கொளுக்கியை மீனின் உதட்டில் மெல்ல மாட்டினா.

"என்ன செய்யப் போறாய்?"

"இறக்கப் போறன்."

"திரும்பவும் அந்த இருட்டுக்கோ?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"எங்கயிருந்து வந்ததோ அவ்வளவு தூரம்."

"அதுக்கேன் ஈயம்?"

"அதால தனிய இறங்க ஏலாது அண்ணை. கூடப்போக ஒண்டு வேணும்."

ஈயக்கட்டியை நூலில் கட்டி, நூலை அவரிடமே கொடுத்தா.

இறக்கினார். சிவப்பு மங்கியது, கறுத்தது, பிறகு தெரியவில்லை. இந்தத் தடவை அவரே எண்ணினார். பத்து. இருபது. முப்பது. நாற்பது.

"இப்ப மேல ஒரு சுண்டு சுண்டுங்கோ."

சுண்டினார். கொளுக்கி கழன்று நூல் இலேசானது.

ஈயம் மட்டும் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அதை வெறுங்கையில் வாங்கினார். அடிக்கடலின் குளிர் முழுவதும் அதில் இருந்தது. கை விறைத்தது. கீழே வைக்கவில்லை.

"கரைக்கு விடு தங்கச்சி."

"இன்னும் ஒரு மீனும் பிடிக்கேல்லையே?"

"கரைக்கு விடு."

துறையில் இறங்கியதும் வான்காரனுக்குப் போன் எடுத்தார்.

"நாளைக்கு வரவேண்டாம் தம்பி."

"அப்ப எப்ப வாறது?"

"தெரியாது."

வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிட்டது. அறை வாசலில் நின்றதும், பழக்கத்தில், கை சுவிட்சுக்குப் போனது. எடுத்துவிட்டார்.

கட்டிலைத் தடவித் தடவி உள்ளே போனார். முழங்கால் மளுக்கென்றது. அலுமாரிக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தார்.



நேசம் கேட்டா: "லைற் போடேல்லையோ?"

"இல்லை."

இருட்டுக்குள் ஏதோ சரசரத்தது. மழைச்சட்டையின் ஒரு கையை எடுத்து அவருடைய மடியில் வைத்தா.